சித்திரையில் பதிமூன்று அடி

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மங்கம்மாளைத் தெரியாதவர்கள் இப்போது கிடையாது. நல்லதற்காகவா தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஷேர் ஜீப்பில் அவள் ஏறினால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவள் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "அளவுக்காரி வந்துட்டா" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வாள். மெதுவாகச் சொல்லமாட்டாள். மங்கம்மாள் காதில் விழவேண்டும் என்றுதானே சொல்வது. அவளும் கேட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி இறங்கும் இடம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

வாழ்க்கையில் ஒரு பொய் அளவு எழுதாதவளுக்குக் கிடைத்த பட்டம் இது. நியாயம் என்ற ஒன்று மலை ஏறி வருவதாக இருந்தால் இந்நேரம் வந்திருக்கும். ஜீப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மங்கம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. ஊத்தங்கொல்லை என்ற நாற்பது வீட்டு மலையூரில் பிறந்தாள். வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில், மூன்று வீடு தள்ளி, ரங்கனுக்கு. உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் போனாள். நிறுத்தியது படிப்பு ஏறாமல் இல்லை. அந்த வருடம் அவள் அம்மாவின் காலில் பாறை உருண்டு விழுந்தது, சாமைக்குக் களையெடுக்க ஆள் இல்லை. ஆனால் படித்த எட்டு வருடத்துக் கணக்கும் தலையில் அப்படியே நின்றது. புளி வாங்க வந்த வியாபாரி தராசுத்தட்டின் ஓரத்தில் விரலை ஊன்றியபோது, "அண்ணே, வெரலயும் சேத்துதான் நிறுக்கறீங்களா, இல்ல அது தனியா?" என்று கேட்டவள் அவள். அன்றைக்கு ஊரே சிரித்தது. அதிலிருந்து எதை அளப்பதானாலும் மங்கம்மாளைக் கூப்பிடு என்று ஆயிற்று.

ரங்கனுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடு. ஊருக்கு ஒரே கிணறு. பத்தடி அகலம், இருபதடி ஆழம், மலைச்சரிவின் விளிம்பில் ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கல் அடுக்கிக் கட்டியது. ஐப்பசியில் கையாலேயே மொண்டுகொள்ளலாம். பங்குனி பிறந்துவிட்டால் வீட்டுக்கு நாலு குடம் என்று முறை வைத்துவிடுவார்கள். முறை தவறி ஐந்தாவது குடத்தை எடுத்தவள் ஆறு மாதத்துக்குப் பேச்சு வாங்குவாள்.

இந்தக் கிணற்றை அளக்கத்தான் ஆன்மேரி என்ற பெண் இரண்டு வருடத்துக்கு முன்னால் மாசி மாதத்தில் வந்தாள். படவேட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், இருபத்தாறு வயது. அடிவாரத்து டவுன் ஒன்றுக்கு வேலை செய்யும் ஆலோசனைக் கம்பெனியில் இருந்தாள். அந்த டவுனில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தொட்டு உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தன. டவுனின் தண்ணீர் நிர்வாகம் நீடித்து நிற்குமா, நிற்காதா என்று அளந்து மார்க் போடவேண்டும். அதற்குத்தான் மலைக்கு வந்திருக்கிறாள்.

"தண்ணிக்குக் கூடவா மார்க்கு போடுவாங்க?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

"போடுவாங்கக்கா. டவுனுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, எவ்ளோ வீணாவுது, இருவது வருசத்துக்கு நிக்குமா, எல்லாத்துக்கும் மார்க்கு கீது. மலையில ஏழு ஊத்து பாத்து வெச்சிருக்காங்க. உங்க கெணறு அதுல ஒண்ணு."

"பாத்து வெச்சி இன்னா பண்ணுவாங்க?"

ஆன்மேரி மறைக்கவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. "சித்திரையில பத்தடிக்கு மேல தண்ணி நின்னா கொழாய் போட்டுக் கீழ எடுப்பாங்க. பத்தடிக்குக் கொறஞ்சா தொடமாட்டாங்க. அத்தொட்டுதான் அளவு ஒயுங்கா இருக்கணும்."

மங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சித்திரையில பத்தடியா? அவ்ளோ இருந்தா நாங்க இன்னாத்துக்கு முறை வெச்சி மொண்டுக்கறோம் பாப்பா?"

அப்புறம் என்ன பயம். அளந்து எழுதினாலே கிணறு தப்பித்தது என்று நினைத்தாள். கல் கட்டிய நைலான் கயிறு ஒன்றும், டேப்பும், கோடு போட்ட நோட்டும் அவள் கைக்கு வந்தன. விடியலில் முதல் குடம் விழுமுன்னே ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. கயிற்றை அடி வரைக்கும் விட்டு, தூக்கி, நனைந்த மட்டத்தை டேப்பால் அளந்து எழுதவேண்டும். பதினாலு மாதம் எழுதினாள். காய்ச்சலில் கிடந்த நாளில் ரங்கனின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் அளந்தாள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கூடப் போய்ச் சாப்பிட்ட கையோடு திரும்பிவிட்டாள். முதல் வருடச் சித்திரையில் நாலே முக்கால் அடி. ஐப்பசியில் பத்தொன்பது. தையில் பதினாலு. அடுத்த பங்குனியில் ஏழு. எல்லாம் அவளுடைய குண்டு குண்டு எழுத்தில் வரிசையாக இருந்தது.

நடுவில் ஒரு சங்கதி நடந்தது. முதல் சித்திரையில் ஆன்மேரியோடு ஆபீஸ் ஆள் ஒருவன் வந்தான். தாகம் என்றான். மங்கம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அடிமட்டத்துத் தண்ணீர், கொஞ்சம் கலங்கல்தான். அவன் சொம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், முற்றத்தில் கொட்டிவிட்டு வெறும் சொம்பை அவள் கையில் கொடுத்தான். நாலு குட முறையில் வந்த தண்ணீர் அது. மங்கம்மாள் சொம்பை வாங்கி உள்ளே வைத்தாள். ஆனால் அந்த அவமானம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நடந்ததற்கெல்லாம் விதை அந்தச் சொம்பு.

இரண்டாம் வருடச் சித்திரையில் ஆன்மேரி போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பெரிய சார் வருகிறார், நேரில் ஒரு தடவை அளந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஊத்தங்கொல்லை வேலை முடிந்தது என்றாள். "உங்க வூட்லதான் சாப்பாடுன்னு சொல்லிட்டேன்கா."

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறார்கள், சம்பந்தி வருகிறார்கள் என்றால் கிணற்றை மூன்று நாள் ஆறப் போடுவார்கள். யாரும் குடம் இறக்கக் கூடாது. இரண்டு மைல் இறங்கி ஓடைப்பள்ளத்தில் மணலைத் தோண்டி, ஊறுவதை மொண்டு சமாளித்துக்கொள்வார்கள். வருகிறவர் கண்ணில் வெறுங்குடமும் சேறும் படக்கூடாது, தெளிந்த தண்ணீர் நிறைய நிற்கவேண்டும். இது பாதி வழக்கம்தான். மீதிப் பாதி, அதை வந்தவரிடம் சொல்லக் கூடாது. உனக்காகக் கிணற்றை ஆறப் போட்டோம் என்று விருந்தாளி காதில் விழுந்தால், போட்ட சோற்றைத் திருப்பிக் கேட்டதற்குச் சமம். சொல்லிக்காட்டிய வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள்.

மங்கம்மாள் நாற்பது வீட்டுக்கும் அவளே நடந்து போய்ச் சொன்னாள், செவ்வாய்க்கிழமையிலிருந்து கிணற்றை ஆறப் போடுவோம் என்று. பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் மட்டும் அரிசி புடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "அளக்கத்தானே வர்றாங்க? ஆறப் போட்டா அளவு ஏறிப்பூடாதா?"

கேட்டாளா இல்லையா? ஊரில் ஒருத்தி கேட்டுவிட்டாள். மங்கம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "பதினாலு மாசத்து அளவு நோட்டுல கீது. ஒரு நாளு ஏறினா இன்னா? படிச்சவங்களுக்கு அதுகூடவா தெரியாது?"

படித்தவர்கள் மேல் இந்த மலைக்கு இருக்கிற நம்பிக்கையை எதைக்கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஐந்தடி. செவ்வாய் மாலை ஆறே முக்கால். புதன் ஒன்பது. வியாழன் பதினொன்றேகால். ஒவ்வொன்றையும் இருந்தது இருந்தபடி எழுதினாள். எழுதும்போது அவள் மனதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, நம் ஊற்று இன்னும் சாகவில்லை என்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப்பு வந்தது. பெரிய சாரின் பெயர் செல்வநாதன். ஐம்பது வயது, அதிர்ந்து பேசாத மனிதர், எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். மங்கம்மாள் சொம்பை நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். "அருமையான தண்ணிம்மா. டவுன்ல இந்த மாதிரி தண்ணி காசு குடுத்தாலும் கிடைக்காது" என்றார். முற்றத்தில் கொட்டப்பட்ட அந்தப் பழைய சொம்புத் தண்ணீர் அப்போதுதான் மங்கம்மாளுக்கு மனதை விட்டுப் போனது. அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

கிணற்றடியில் நாற்பது வீட்டுப் பெண்களும் நின்றார்கள். செல்வநாதனின் ஆள் கயிற்றை இறக்கினான். பதிமூன்று அடி.

அவர் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடியும் புரட்டினார். "திங்கக்கிழமை அஞ்சடி, இன்னிக்குப் பதிமூணா? மழை பெஞ்சதாம்மா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி ஏறுச்சு?"

சாந்தம்மாள் மங்கம்மாளைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே வரி. நீங்க வர்றீங்கன்னு மூணு நாளா மொண்டுக்கலைங்க. அவ்வளவுதான். ஆனால் அவர் வயிற்றில் அந்தத் தண்ணீர் இரண்டு சொம்பு இருக்கிறது. இலை இனிமேல்தான் போடவேண்டும். குடித்தவர் முகத்துக்கு நேராக, இவ்வளவு பெண்கள் முன்னால், அதை எப்படிச் சொல்வது?

"ஊத்துதானுங்களே. ஏறும், எறங்கும்" என்றாள்.

செல்வநாதன் தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டதாம். "கயிறு அடி வரைக்கும் போகாம நடுக்கல்லு மேல நின்னிருக்கு. அதான் கம்மியா காட்டியிருக்கு. தப்பு அவங்க மேல இல்ல, நாமதான் சரியா சொல்லித் தரல" என்று பெருந்தன்மையாக ஆன்மேரியிடம் சொன்னார். பதினாலு மாதத்து விடியலும் பதினாலு மாதத்துச் சாயங்காலமும் ஒரு கல் மேல் நின்றுபோயின. ஆன்மேரி மட்டும் கிட்டே வந்து, "அக்கா, வேற ஏதாச்சும் கீதா?" என்று கேட்டாள்.

"முதல்ல சாப்டுங்க பாப்பா. அப்புறம் பேசலாம்."

சாப்பாடு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். சாமைச்சோறும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக் கைகழுவியதும் செல்வநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பொழுதுக்குள் இன்னும் இரண்டு ஊற்று பார்க்கவேண்டுமாம். ஒரு தாளை நீட்டினார்கள், சித்திரை மாதம், பதிமூன்று அடி, நேரில் அளந்தது, சாட்சி மங்கம்மாள். அளவு உண்மைதானே, கையெழுத்துப் போட்டாள். ஆன்மேரி ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "நாளைக்கு போன் பண்றேன்கா" என்றாள். ஜீப்பு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அந்த ஊரில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல். மங்கம்மாள் மூன்று நாள் அந்தப் பாறை மேல் ஏறி உட்கார்ந்தாள். நாலாம் நாள் ஆன்மேரியின் லைன் கிடைத்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்கா அன்னிக்கே சொல்லல?"

"வூட்டுக்கு வந்தவங்ககிட்ட அத எப்படிம்மா சொல்றது?"

"அறிக்கை நேத்தே போயிடிச்சிக்கா. நான் சொல்லிப் பாக்கறேன்."

சொல்லித்தான் பார்த்திருப்பாள். அடுத்த மாதம் அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மங்கம்மாள் விடவில்லை. நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஜீப்பு, பஸ் என்று மாறி அடிவாரத்து டவுனுக்கே போனாள். கண்ணாடி போட்ட அறையில் ஒருவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். "கையெழுத்து உங்களதுதானே? அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இல்ல இன்னிக்குச் சொல்றீங்களா?"

இரண்டு நாளும் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அந்தக் கேள்வியில் இடமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஐப்பசியில் குழாய் வந்தது. கிணறு சரிவின் விளிம்பில் இருப்பதால் கீழ்ப்பக்கத்திலிருந்து துளைபோட்டு, அடிவயிற்றிலேயே குழாயைச் செருகினார்கள். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கிப் போகும். ராத்திரியும் பகலும் போனது. மாசியில் கிணற்றில் பாறை தெரிந்தது. பங்குனியில் முறை வைக்கவே அவசியம் இல்லாமல் போயிற்று. மூன்று நாள் விருந்துக்காக நடந்த ஓடைப்பள்ளத்துக்கு ஊரே தினமும் நடந்தது. ரங்கன் முதலில் ஒரு மாட்டை விற்றான், பிறகு மற்றதையும் விற்றான். மங்கம்மாளை ஒரு வார்த்தை திட்டவில்லை. இருட்டோடு எழுந்து, காவடியில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போவான். திட்டியிருந்தால் தேவலாம் என்று அவள் பலநாள் நினைத்திருக்கிறாள். சாந்தம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். அளவுக்காரி என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

ரேஷன் கார்டு வேலையாக டவுனுக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் பெரிய பலகை ஒன்றைப் பார்த்தாள். மரமும் சொட்டுத் தண்ணீரும் வரைந்து, கீழே பச்சை நிறத்தில் மார்க் எழுதியிருந்தது. நீடித்த நீர் மேலாண்மை, நூற்றுக்கு எண்பத்தொன்று. மின்சாரச் சிக்கனம், பத்துக்குப் பத்து. ஆதாரங்களின் நிலைத்தன்மை, பத்துக்கு ஒன்பது. மக்கள் பங்கேற்பு, பத்துக்குப் பத்து. அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு படம். கயிறும் நோட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கிணற்றடியில் சிரிக்கிறாள். மங்கம்மாள்தான். ஆன்மேரி எப்போதோ செல்போனில் எடுத்தது. பலகையின் அடியில் குழாய் ஒன்றில் ஒருவன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்த பிறகும் குழாயைச் சரியாக மூடாமல் போனான். அவள் போய் மூடிவிட்டு பஸ் ஏறினாள்.

இந்த வருடச் சித்திரையில் செல்வநாதன் மறுபடி வருகிறார் என்று தெரிந்தது. டவுனுக்கு விருது கிடைக்கப் போகிறதாம், மறுபடி ஒரு தடவை சரிபார்க்கிறார்களாம். கிணற்றை ஆறப் போட இந்தத் தடவை கிணற்றில் ஒன்றும் இல்லை. மங்கம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த மலையில் எந்தப் பெண்ணும் வந்தவருக்குச் செய்யாததைச் செய்வது என்று. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய் அவர் பக்கம் இருக்கும்படி சாய்த்துக்கொண்டு, அவர் வருகிற பாதையில் போய் நிற்பது. பகையாளிக்குக்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். செய்தால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமே இல்லை, மண்ணை வாரித் தூற்றியதற்குச் சமம்.

ஊர்ப் பெண்கள் வரவில்லை. தூரத்தில் புளியமரத்தடியில் நின்று பார்த்தார்கள். மங்கம்மாள் பாதையின் நடுவில் போய் நின்றாள். ஜீப்பு வந்து நின்றது. செல்வநாதன் ஜீப்புக் கண்ணாடியை இறக்கினார், அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"கெணத்த வந்து பாருங்க சார்."

"இந்தத் தடவை கிணறு இல்லம்மா. டவுன் எல்லைக்குள்ள மட்டும்தான் அளக்கறோம். ஊத்தெல்லாம் எல்லைக்கு வெளிய. எவ்வளவு வருதுன்னு கீழ மீட்டர்லயே தெரிஞ்சிடும்."

"மீட்டரு இன்னா சொல்லுது?"

"கொஞ்சம் கம்மிதான். அதுக்குத்தான் மேல இன்னும் ரெண்டு ஊத்து இருக்குன்னாங்க, பாத்துட்டு வரலாம்னு போறோம்."

நிறைந்திருந்தபோது கிணறு டவுனுக்குள் இருந்தது. வற்றியதும் எல்லைக்கு வெளியே போய்விட்டது. மங்கம்மாள் குடத்தை இன்னும் சாய்த்து, காலியான அடி அவருக்கு நன்றாகத் தெரியும்படி காட்டினாள்.

செல்வநாதன் குடத்தைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஜீப்பு அவளை ஓரமாகச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

அவள் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். முதலில் டவுன் தண்ணீரில் கலக்கும் மருந்தின் வாசனை வந்தது. அது போனதும் பாறையின் அந்தத் துவர்ப்பும், அதற்குப் பின்னால் லேசான தித்திப்பும் நாக்கில் தெரிந்தன. நாற்பத்தாறு வருடம் குடித்த ருசி.

சாந்தம்மாள் புளியமரத்தடியிலிருந்து இறங்கி வந்தாள். பேச்சை நிறுத்திய பிறகு முதல் தடவையாகக் கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தண்ணி குட்த்தாரு" என்றாள் மங்கம்மாள். மிச்சம் இருந்ததை அவளிடம் நீட்டினாள். "நம்ம கெணத்துத் தண்ணிதான். குடி."